எந்த ஆர். கிருஷ்ணன்?

எங்கள் வீட்டில் டென்னிஸ் என்பது காலையில் வரும் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கம்தான். அதன் கீழ்மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், முந்தின நாள் முடிவுகளை அடைத்து வைத்திருப்பார்கள். அப்பா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பார். "ஆர். கிருஷ்ணன் ஜெயிச்சுட்டான்" என்பார். சமையலறையிலிருந்து அம்மா, "எந்த ஆர்?" என்று கேட்பாள். 1980களின் நடுவில் இது எங்கள் வீட்டுத் தினப்படி நகைச்சுவை.

கேள்வியில் நியாயம் இருந்தது. தந்தை ராமநாதன் கிருஷ்ணன், மகன் ரமேஷ் கிருஷ்ணன். பேப்பரில் இரண்டு பேரும் ஆர். கிருஷ்ணன்தான். ஆனால் இரண்டு 'ஆர்'களும் ஒன்றல்ல. தந்தையின் பெயரில் இருப்பது நம் ஊர் இனிஷியல். அவருடைய அப்பா டி.கே. ராமநாதனைக் குறிக்கும் எழுத்து. மகனுடைய ஆர் அவருடைய சொந்தப் பெயரின் முதலெழுத்து. நம் ஊர் ரேஷன் கார்டுக் கணக்குப்படி பார்த்தால் மகன் கே. ரமேஷ். வெளிநாட்டு மைதானங்களில் கடைசியில் வரும் பெயர்தான் பெயர் என்பதால், அவர் போன இடமெல்லாம் 'கிருஷ்ணன்' என்றே அழைக்கப்பட்டார். ஸ்கோர் போர்டில் ஒவ்வொரு தடவையும் அப்பா பெயர் ஏறியது. பதினைந்து வருடம் அப்படித்தான் ஆடினார்.

அந்த அப்பா சாதாரண ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் தடவை நீல் ஃப்ரேசரிடம், அடுத்த தடவை ராட் லேவரிடம் தோற்றார். அவரைத் தோற்கடித்த இரண்டு பேரும் அந்தந்த ஆண்டு சாம்பியன்கள். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் ஏறக்குறைய தோற்றேபோன ஆட்டத்தை இழுத்துப் பிடித்து ஜெயித்து, நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையில் இந்தியாவை முதல் தடவையாக இறுதிக்குக் கொண்டுபோனார். அந்த ஆட்டத்தைப் பற்றி என் அப்பா பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும். அப்பாவுக்கு அப்போது 23 வயது. தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது, அதன் பிறகு வேறு எந்த ஆர். கிருஷ்ணன் வந்தாலும் இரண்டாமிடம்தான்.

எனக்கு அந்த வசதி கிடையாது. நான் 1973இல் பிறந்தவன். எனக்குத் தெரிந்த ஆர். கிருஷ்ணன் ரமேஷ்தான்.

ரமேஷ் பிறந்தது 1961 ஜூனில், சென்னையில். தந்தை விம்பிள்டனில் லேவரோடு அரையிறுதி ஆடிய அதே கோடை. 1979இல், பதினெட்டு வயதில், ஃபிரெஞ்ச் ஓப்பன் ஜூனியர் பட்டம், விம்பிள்டன் ஜூனியர் பட்டம் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். உலக ஜூனியர்களில் முதலிடம். தந்தை ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்துச் சரியாக இருபத்தைந்து வருடம். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும், 'தந்தை வழியில் தனயன்' என்ற தலைப்பு தயாராகக் காத்திருந்தது.

சரி, இனி சர்வுக்கு வருகிறேன். ரமேஷைப் பற்றிப் பேசுகிற யாரும் ஐந்தாவது நிமிடத்தில் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

உலகத்தின் முதல் ஐம்பது ஆட்டக்காரர்களில் அவ்வளவு மெதுவான சர்வ் வேறு யாரிடமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பந்தை மேலே போடுவார், ரேக்கெட்டைப் பின்னால் கொண்டுபோவார், ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று நினைக்கும்போது பந்து பக்கத்து வீட்டுக்குச் சாம்பார் கொண்டுபோகிற பதத்தில் போய்ச் சேரும். தந்தை கிருஷ்ணனுக்கும் சர்வ் பலம் இல்லை. குடும்பச் சொத்து.

டென்னிஸில் எதிராளியின் குறுக்கீடு இல்லாமல் நாமே தொடங்கும் அடி சர்வ் ஒன்றுதான். கையில் பந்து, வேண்டிய நேரம், வேண்டிய இடம். பலமான சர்வ் உள்ளவனுக்கு ஒரு கேமுக்கு ஒன்றிரண்டு பாயிண்டாவது இனாமாக வரும். சோர்வாக இருக்கிற நாளிலும், கால் வலிக்கிற நாளிலும் அந்த இனாம் நிற்காது. ரமேஷுக்கு இனாம் கிடையாது. ஒவ்வொரு பாயிண்டையும் அடியிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். ஐந்து செட் ஆட்டத்தில் அப்படி நூறு, நூற்றைம்பது தடவை கட்ட வேண்டும் என்றால் எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இது சொந்த அனுபவம். சனிக்கிழமை காலைகளில் நாங்கள் நாலைந்து பேர் ஒரு பழைய களிமண் மைதானத்தில் இரட்டையர் ஆடுவோம். என் சர்வைப் பார்த்து எதிரில் நின்ற பையன் ஒருவன், "அங்கிள், போஸ்ட்ல அனுப்புறீங்களா?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், அந்த மாதிரி ஒரு சர்வை வைத்துக்கொண்டு ஒருவர் மெக்கன்ரோ, எட்பெர்க் மாதிரி சாம்பியன்களுக்கு எதிரே போய் நின்றிருக்கிறார் என்ற நினைப்பு விடவில்லை.

எப்படி நின்றார்? மெதுவான சர்வில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேகமாகப் போன பந்து வேகமாகவே திரும்பி வரும். மெதுவாகப் போனது அப்படி வராது. எதிராளி தன் கையிலிருந்துதான் வேகத்தைப் போட வேண்டும். அதற்குள் சர்வ் செய்தவர் தன் இடத்துக்கு வந்து சாவகாசமாக நின்றுவிடலாம். புல்தரை என்றால் இன்னும் நல்லது, பந்து எழும்பாமல் முழங்காலுக்குக் கீழேயே கிடக்கும். ஓங்கி அடிக்கப் பழகியவனுக்கு முழங்காலுக்குக் கீழே கிடக்கும் மெதுவான பந்தைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. ரமேஷ் அந்த எரிச்சலில் பிழைத்தார்.

எதிராளி சர்வ் செய்யும்போது கதை தலைகீழ். ரேக்கெட்டைப் பின்னால் இழுப்பதே தெரியாது. பந்து தரையிலிருந்து எழும்பும்போதே, உச்சிக்கு வருவதற்கு முன்பே, மட்டையைக் குறுக்கே வைத்துவிடுவார். எதிராளியின் வேகத்தை அப்படியே கடன் வாங்கி அவனுக்கே வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்புறம் அந்த ட்ராப் ஷாட், அந்த லாப், வலைக்குப் பக்கத்தில் காலடியில் வந்த பந்தைத் தூக்கிப்போடும் அந்த அரை வாலி. முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. வாயிலிருந்து ஒரு சத்தம் கிடையாது. அவர் ஆட்டத்தைக் கர்நாடகக் கச்சேரியோடு ஒப்பிட்டு நம் ஊர்க்காரர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை. எனக்கென்னவோ அவர் நல்ல தையல்காரர் மாதிரிதான் தெரிந்தார். அளவெடுத்துக்கொண்டே இருப்பார், எப்போது வெட்டினார் என்பது தெரியாது.

அவர் தொழிலுக்கு வந்த நேரம் பொல்லாத நேரம். 1981இல் மெக்கன்ரோ மரமட்டையில் அமெரிக்க ஓப்பன் ஜெயித்தார். 1983இல் யானிக் நோவா மரமட்டையில் ஃபிரெஞ்ச் ஓப்பன் ஜெயித்தார். ஆண்களில் மரமட்டைக்குக் கிடைத்த கடைசி கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு பெரிய பட்டங்களில் ஒன்று, அதுதான். 1985இல் பதினேழு வயது போரிஸ் பெக்கர் விம்பிள்டனில் வந்து இறங்கியபோது ஆட்டமே வேறாகிவிட்டது. கிராஃபைட் மட்டை இலேசு, விறைப்பு, முகம் அகலம். ஓரத்தில் பட்டாலும் பந்து போகும். மரமட்டையில் நடுவில் பட்டால்தான் பிழைப்பு என்ற ஒழுக்கத்தில் வளர்ந்தவர் ரமேஷ். மட்டையை மாற்றலாம், கை மாறுமா? அவர் ஆட்டம் அதே ஆட்டமாகத்தான் இருந்தது. பயிற்சியாளரைப் பிடித்து, தோளைப் பெருக்கி, சர்வை மாற்றியிருக்கலாமே என்று நான் பல வருடம் குறை சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். சர்வை மாற்றப் போய் மீதியும் கெட்டுப்போன ஆட்டக்காரர்கள் உண்டு.

1981 செப்டம்பர், நியூயார்க். இருபது வயது ரமேஷ் அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் மெக்கன்ரோவை எதிர்கொண்டார். அந்தக் கோடையில்தான் மெக்கன்ரோ விம்பிள்டனில் போர்கை வீழ்த்தியிருந்தார். முதல் செட், 6-6 என்று நின்றால் முடிவு காண ஆடும் டை பிரேக்கரில், ரமேஷுக்கு. இரண்டாவதும் டை பிரேக்கர், அது மெக்கன்ரோவுக்கு. அந்த இரண்டாவது மட்டும் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்று என் அப்பாகூட ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். விழவில்லை. அடுத்த இரண்டு செட்டும் 6-4, 6-2 என்று போய்விட்டன. மெக்கன்ரோ அந்தப் பட்டத்தையும் ஜெயித்தார்.

1986 விம்பிள்டன் காலிறுதியில் யுகோஸ்லாவியாவின் ஸிவோயினோவிச். ஆறடிக்கு மேல் உயரம், சர்வ் பீரங்கி. தோல்வி. 1987 அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் எட்பெர்க். அதுவும் தோல்வி, நேர் செட்களில். இப்படி மூன்று கிராண்ட் ஸ்லாம் காலிறுதிகள். தரவரிசையில் அதிகபட்சம் 23, 1985 ஜனவரியில்.

இந்த 23ஐ நம் ஆட்கள் ஒரு உதட்டுப் பிதுக்கலோடுதான் சொல்வார்கள். முதல் பத்துக்குள் வரவில்லையே என்று. அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஓடிவிட்டது. லியாண்டர் பயஸ் ஒற்றையரில் தொட்ட உயரம் 73. சோம்தேவ் தேவ்வர்மன் 62. கணினித் தரவரிசை வந்த பிறகு ரமேஷுக்கு மேலே போன ஒரே இந்திய ஆண் அவருக்கு மூத்தவரான விஜய் அமிர்தராஜ், அவரும் சென்னைக்காரர். மைதானமும் பயிற்சியும் ஸ்பான்சரும் வந்த பிறகும் அந்த 23ஐ யாராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

ஒற்றையர் பட்டங்கள் எட்டு. மணிலா, ஸ்டட்கார்ட், மெட்ஸ், டோக்கியோ, ஹாங்காங், வெலிங்டன், ஆக்லாந்து, ஷெனெக்டடி. இந்தக் கடைசி ஊரைத் தேடி நானும் அப்பாவும் பள்ளிக்கூட அட்லஸில் அரை மணி நேரம் செலவழித்தோம். நியூயார்க் மாநிலத்தில் எங்கோ மேலே இருந்தது. எப்படி உச்சரிப்பது என்று சண்டை. 'ஸ்கெ'யா, 'ஷெ'யா? இன்னமும் அப்பா 'ஸ்கெ' கட்சிதான்.

எல்லாவற்றையும் விட 1987தான் ரமேஷின் வருடம். அந்த வருடம் யாருக்கும் நினைவில் இல்லை என்பதுதான் என் தீராத ஆதங்கம்.

விஜய் அமிர்தராஜ் தலைமையில் இந்திய டேவிஸ் கோப்பை அணி. விஜய்க்கு வயதாகிவிட்டது, அவர் அண்ணன் ஆனந்துக்கும்தான். முதலில் டெல்லிப் புல்தரையில் அர்ஜென்டினா. ஹாயிட்டேவுக்கு எதிராக விஜய் போன உயிரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்து இஸ்ரேல். பிறகு அக்டோபர் தொடக்கத்தில் அரையிறுதி, சிட்னியில், ஆஸ்திரேலியர்களின் சொந்தப் புல்லில். யாரும் இந்தியாவுக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை. முதல் நாள் ரமேஷ் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டைத் தோற்கடித்தார். மூன்றாம் நாள் 2-2 என்று நின்றபோது கடைசி ஆட்டம், ரமேஷுக்கும் வாலி மஷுருக்கும். டேவிஸ் கோப்பையில் அப்போது டை பிரேக்கர் கிடையாது, இரண்டு கேம் முன்னிலை வரும்வரை இழுத்துக்கொண்டே போகும். 8-6, 6-4, 6-4. அவ்வளவுதான், முடிந்தது. ஐந்தாவது ஆட்டம், எதிரிகளின் ஊர், முழு அரங்கம், ஒரு நாட்டின் பாரம் முழுக்க ஒற்றை ஆள் தலையில். அதை நேர் செட்களில் முடித்துவிட்டு வந்தார். மெதுவான சர்வ் உள்ள மனிதர்.

எங்களுக்குச் செய்தி வானொலியில் வந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். எனக்குப் பதினான்கு வயது. அடுத்த நாள் பள்ளியில் இதைப் பற்றிப் பேசலாம் என்று துடித்துக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் உலகக் கோப்பைக் கிரிக்கெட் தொடக்கம், இந்தியாவின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில், அதுவும் ஆஸ்திரேலியாவோடு. அக்டோபர் 9 அன்று அந்த ஆட்டத்தை இந்தியா ஒரே ஒரு ரன்னில் தோற்றது. ஊர் முழுக்க அந்த ஒரு ரன்னைப் பற்றித்தான் பேச்சு. ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே சாய்த்த மெட்ராஸ்காரரை, ஆஸ்திரேலியா மெட்ராஸில் வந்து ஒரு ரன்னில் அழித்துவிட்டுப் போனது. அந்த ஒரு ரன்னை இன்றைக்கும் சொல்ல ஆள் இருக்கிறது. 8-6, 6-4, 6-4ஐச் சொல்ல எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

இறுதி ஆட்டம் டிசம்பரில், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில். ஆட்டத்தைத் தங்கள் ஊரில் நடத்துகிறவர்கள் தரையையும் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. அவர்கள் அரங்கத்துக்குள் களிமண்ணைக் கொட்டினார்கள். நம்மவர்கள் புல்லில் பிழைப்பவர்கள். களிமண்ணில் பந்து தோள் வரைக்கும் எழும்பி, அடி என்று நிற்கும். அங்கே மெதுவான சர்வ் என்பது இலையில் வைத்த பாயசம். ரமேஷ் மேட்ஸ் விலாண்டரிடம் நேர் செட்களில் தோற்றார். 5-0. இந்தியா மூன்று தடவை டேவிஸ் கோப்பை இறுதியை எட்டியிருக்கிறது. 1966இல் தந்தை. 1974இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து ஆடாமலே விட்டுக்கொடுத்தோம். 1987இல் மகன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிசம்பர் 20 அன்று கோத்தன்பர்க்கில் எல்லாம் முடிந்தது. அணி எப்போது ஊர் திரும்பியது, என்ன பேட்டி கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரு வரி நினைவில்லை. வியாழக்கிழமை, 24ஆம் தேதி, எம்.ஜி.ஆர். இறந்துபோனார். பிறகு எந்தப் பேப்பரில் யார் விளையாட்டுப் பக்கம் பார்த்தார்கள்? எங்கள் தெருவில் கடைகள் மூடிக் கிடந்தன. அப்பா கதவைத் தாழிட்டுவிட்டு வானொலிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சேப்பாக்கத்து ஒரு ரன், மறு பக்கம் மெரினாவில் அந்த ஊர்வலம். இரண்டுக்கும் நடுவில் ரமேஷின் வருடம் நசுங்கிப்போனது. 1987 என்று சொல்லிப் பாருங்கள், தமிழ்நாட்டில் யாருக்காவது டென்னிஸ் நினைவுக்கு வருகிறதா?

பதிமூன்று மாதம் கழித்து அதே விலாண்டர் மறுபடி எதிரே வந்தார். 1989 ஜனவரி, மெல்போர்ன், ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்று. இடைப்பட்ட 1988இல் விலாண்டர் நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மூன்றை வென்று உலகின் முதலிடத்தில் இருந்தார். நடப்புச் சாம்பியனும் அவரே. இந்தத் தடவை தரை களிமண் இல்லை. ரமேஷ் நேர் செட்களில் ஜெயித்தார். மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் இல்லை, மேலே பெரிய எழுத்திலேயே போட்டிருந்தார்கள். அம்மா அன்றைக்கு எந்த ஆர் என்று கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் விலாண்டர் முதலிடத்தை லெண்டலிடம் இழந்தார். திரும்ப அங்கே வரவே இல்லை.

அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பத்தொன்பது வயது லியாண்டரோடு இரட்டையர். ரமேஷுக்கு அப்போது 31. ஃபிட்ஸ்ஜெரால்டு, வுட்பிரிட்ஜ் என்ற ஆஸ்திரேலிய ஜோடியை வெளியேற்றிக் காலிறுதிக்கு வந்தார்கள். அரையிறுதியில் தோற்கிறவர்களுக்கும் வெண்கலம் என்பது அந்த ஒலிம்பிக்கின் விதி. ஆக, இன்னும் ஒரே ஒரு ஆட்டம். குரோஷியாவின் இவானிசெவிச் ஜோடியிடம் அது போனது. நான்கு வருடம் கழித்து அட்லாண்டாவில் லியாண்டர் ஒற்றையரில் வெண்கலம் வாங்கினார். 1993இல் ஃபிரான்ஸை அவர்கள் ஊர்க் களிமண்ணிலேயே தோற்கடித்த டேவிஸ் கோப்பை அணியில் ரமேஷ் இருந்தார். அந்த வருடத்தோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். பிறகு அப்பாவும் பிள்ளையுமாகச் சென்னையில் குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தார்கள். 1998இல் பத்மஸ்ரீ.

அப்பாவுக்கு இப்போது 82. ஓய்வு பெறும்வரை கணக்குப் பிரிவில் இருந்தவர். போன மாதம் மறுபடி இந்தப் பேச்சு வந்தது. நான் என் வாதங்களை எல்லாம் அடுக்கினேன்: மட்டை மாறிய காலம், போட்டி பெருகிய காலம், பெக்கர், எட்பெர்க், லெண்டல், விலாண்டர், சிட்னி, மெல்போர்ன்.

அவர் முழுக்கக் கேட்டார்.

"அப்பன் செமி ஃபைனல் ரெண்டு. பையன் குவார்ட்டர் ஃபைனல் மூணு. இதுல என்னடா விவாதம்?"

"சிட்னியைச் சேர்க்கவே இல்லையே நீங்க?"

"கல்கத்தாவை நீ சேர்த்தியா?"

"நான் அப்ப பொறக்கவே இல்லப்பா."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.